பொருள்: அஸ்டெரிசம் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும் (மலேசியத் தமிழ்க் குழு உரையாடல்; பேசுவோர் தத்தம் ஊர்ப்பெயரில்)

செந்தூல் ஆசிரியை:
வணக்கம். ஐந்தாம் ஆண்டு வானியல் முகாமுக்கான பயிற்றி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பக்கம் முழுக்க 'விண்மீன் தொகுதி' என்று போட்டுவிட்டேன். பிறகுதான் உறைத்தது: அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் 88 தொகுதிகளில் பிடுக் (ஏழு மீன் கொண்ட நம் சப்தரிஷி மண்டலம்) இல்லை, அது பெருங்கரடியின் ஒரு துண்டு. இப்படிப்பட்ட வடிவத்துக்கு, அஸ்டெரிசத்துக்கு, என்ன எழுத?

பிரிக்பீல்ட்ஸ்:
'நட்சத்திரக் கூட்டம்' போதும் டீச்சர். பிள்ளைக்குப் புரியும்.

பட்டர்வொர்த்:
நட்சத்திரம் வடசொல். நற்றிணை 231-இல் 'கைதொழும் மரபின் எழுமீன்' என்று நம் வீட்டிலேயே இருக்க, கடன் எதற்கு? உடு என்றால் விண்மீன்; 'உடுவுரு' என்பேன்.

பிரிக்பீல்ட்ஸ்:
ஐயா, உடுவுருவை வேகமாக மூன்று முறை சொல்லிப் பாருங்கள். தவிர, 'உடு' சமஸ்கிருதத்திலும் உண்டே?

பட்டர்வொர்த்:
இங்கிருந்து போனது!

கெப்போங்:
சண்டை இருக்கட்டும். 'கூட்டம்' பிழை. அந்த ஏழில் நடு ஐந்துதான் ஏறக்குறைய 80 ஒளியாண்டுத் தொலைவில் சேர்ந்து நகர்கின்றன. இரு முனை மீன்களும் இன்னும் தள்ளி, தம் போக்கில் போகின்றன. கூட்டம் என்றால் கார்த்திகை, ஒன்றாகப் பிறந்தவை. இது வெறும் கண்பார்வைக் கணக்கு. அதனால்தான் அதே ஏழு பாபிலோனியருக்கு வண்டி, எகிப்தியருக்குக் காளையின் கால், சீனருக்கு அகப்பை, மலாய்க்காரருக்குப் படகு, நமக்கு முனிவர்கள். 'விண்மீன் கோலம்' எனலாம். தொகுதி என்பது தாமான் (வீடமைப்புப் பகுதி) மாதிரி. எல்லைக்கோடு 1930-இல் அச்சிலேயே வந்துவிட்டது. கோலம் வாசலில் போடுவது.

செந்தூல் ஆசிரியை:
இன்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். பின்வரிசைப் பையன், "டீச்சர், கோலம் ரெனாங்கா?" என்றான். மலாயில் அது நீச்சல்குளம். வகுப்பே நீச்சலடித்தது.

பட்டர்வொர்த்:
பையன் வாய்க்குச் சர்க்கரை! மலாய்க் கோலம் நம் குளத்தின் பிள்ளை. புறநானூறு 229-இல் கூடலூர் கிழார் புனர்பூசத்தைக் குளமாகத்தான் பார்க்கிறார். அனுடம் அவருக்கு முடப்பனை. எனவே 'விண்குளம்'...

பிரிக்பீல்ட்ஸ்:
ஐயா, வியாழன் இரவு மணி பதினொன்று. கோலமே இருக்கட்டும்.

செந்தூல் ஆசிரியை:
மூன்று பேர் கோலம் என்கிறீர்கள், நானும் சேர்த்து. பக்கத்தில் ஒரு புள்ளிக்கோலப் படம் வைத்து அனுப்பிவிட்டேன்.

பட்டர்வொர்த்:
என் மறுப்பு பதிவாகட்டும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும், தொடாது. வானத்தில் புள்ளியோடு புள்ளியை அல்லவா சேர்க்கிறோம்? எந்தக் கோலப் படம் வைத்தீர்கள்?