பாரிசவாதத்துக்குப் பின் நடைப் பயிற்சி: அணியும் ரோபோ வாங்கலாமா?

கல்லடியிலிருந்து ஒரு மகன்:

அப்பாவுக்கு வயது 61. மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டு இடது கையும் காலும் செயலிழந்து ஏழு வாரங்களாகின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியபின் வாரத்தில் இரண்டு நாட்கள் இயன்மருத்துவத்துக்கு அழைத்துச் செல்கிறோம். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு அடி வைப்பார். ஆனால் இடது பாதத்தின் நுனி தரையில் உரசுவதால், காலை வெளிப்பக்கமாக வட்டமிட்டு வீசி வைக்கிறார். கட்டாரில் வேலை செய்யும் அண்ணன், மலையேறுவோருக்கென இணையத்தில் விற்கப்படும், இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொள்ளும் மோட்டார்க் கருவியொன்றை இரண்டு மாதச் சம்பளத்தில் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். அது உதவுமா?

கல்முனையில் பணிபுரியும் இயன்மருத்துவர்:

தம்பி, அண்ணனைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

சேதமடையாத மூளைப் பகுதிகள் நடையைத் திரும்பக் கற்பது, அதே அடியைப் பல நூறு முறை எடுத்து வைப்பதால்தான். பாரமான ஒருவரை இருவர் தாங்கி நடத்தும்போது, நோயாளருக்கு முன்பே பிடிப்பவர்கள் களைத்துவிடுவார்கள். இயந்திரம் உதவுவது அந்த இடத்தில்தான். சுவிட்சர்லாந்தில் உருவான லோகோமாட், உடலைப் பட்டிகளால் தாங்கி, ஓடுபட்டியின் (டிரெட்மில்) மேல் கால்களை நகர்த்துகிறது. எக்சோ என்பது தரையில் நடக்கும் விறைப்பான சட்டகம். பாரிசவாத நோயாளருக்குப் பயன்படுத்த அமெரிக்காவில் 2016 இல் அனுமதி பெற்றது. 2019 இல் அனுமதி பெற்ற ரீஸ்டோர் என்பது துணியாலான மென்மையான அணி; இடுப்பிலுள்ள மோட்டார்கள் கம்பிகளை இழுத்து, பாதத்தை உயர்த்தவும் தரையை உந்தவும் துணைசெய்கின்றன. அப்பாவின் குறைக்கு நெருங்கியது இதுவே. ஆயினும் இதுவும் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் பக்கத்தில் நிற்கப் பயன்படுத்துவதற்கென அனுமதிக்கப்பட்டதேயன்றி, வீட்டில் தனியே கட்டிக்கொள்வதற்கல்ல.

62 ஆய்வுகளையும் 2,440 நோயாளரையும் உள்ளடக்கிய 2020 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வின்படி (காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் அமைப்பு), இயந்திரப் பயிற்சியை இயன்மருத்துவத்துடன் சேர்த்துப் பெற்றவர்கள் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்போரும் நடக்கவே இயலாதோருமே அதிகப் பயன் பெறுகிறார்கள். ‘சேர்த்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்பா அந்த மூன்று மாதங்களுக்குள்தான் இருக்கிறார், துணையுடன் நடக்கவும் செய்கிறார். ஆகவே அவருக்கு இப்போது வேண்டியவை, பாதத்தைத் தொங்கவிடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் ஏ.எப்.ஓ. (கணுக்கால்-பாதத் தாங்கி) பட்டையும், வாரத்தில் இரண்டு நாளல்லாமல் நாள்தோறும் நடையும்தான். பட்டையை அளவெடுத்தே செய்விக்க வேண்டும். தோல் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

மூளையின் வலப்பக்கம் தாக்கப்பட்ட சிலர் தமது இடப்பக்கத்தையே கவனிக்காமல் விடுவதுண்டு. சோற்றுத் தட்டில் இடப்பாதி மீதமாகிறதா, நிலைக்கதவில் இடது தோள் இடிக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அதை எந்த மோட்டாரும் திருத்தாது, இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள். இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பவும் வேண்டாம், தோள்மூட்டு நழுவிவிடும்.

ஒலுவிலில் படித்த பொறியியலாளர்:

இடுப்புக் கருவிகள் எல்லாமே பயனற்றவை என்று கொள்ளத் தேவையில்லை. ஏறத்தாழ 2.7 கிலோ எடையுள்ள ஹொண்டாவின் நடைத்துணைக் கருவியும் இடுப்பில் அணிவதுதான். ஜப்பானிய மருத்துவமனைகளில் அதை நடைப் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். அண்ணன் கண்ட கருவி வேறு வகை. ஆரோக்கியமானவரின் சீரான நடையை வைத்தே அது உந்தும் நேரத்தைக் கணிக்கும். ஒரு கால் தயங்கி வட்டமிடும்போது கணிப்புப் பிசகி, தவறான கணத்தில் தள்ளினால் அப்பா விழக்கூடும். தொங்கும் பாதமோ கணுக்காலின் சிக்கல், அந்த மோட்டார் இருப்பது இடுப்பில்.

பாண்டிருப்பிலிருந்து ஒரு மகள்:

அம்மாவைச் சென்ற ஆண்டு இப்படித்தான் நடத்தினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போடச் சொல்வேன். முதல் வாரம் ஆறு, மூன்றாம் மாதம் நாற்பதைத் தாண்டியது. அவசரப்பட்டு முற்றத்து மணலில் இறக்கியதுதான் நான் செய்த பிழை, இரண்டாம் நாளே சரிந்துவிட்டார். சீமெந்துத் தரையில் பழகி முடியும்வரை மணல் வேண்டாம், குதியில் பட்டியில்லாத ரப்பர் செருப்பும் வேண்டாம்.

கல்லடியிலிருந்து ஒரு மகன்:

மூவருக்கும் நன்றி. தட்டில் இடப்பக்கத்துச் சோறு மிஞ்சுவது உண்மைதான். பசியில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். கருவி வேண்டாமென்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அந்தப் பணத்தில் ஒரு பகுதி இயன்மருத்துவர் வீட்டுக்கு வந்துபோகும் செலவுக்கு ஆகும். ஐயா, அப்பா சாரம் தவிர வேறெதுவும் உடுத்த மாட்டேன் என்கிறார். பட்டையுடன் அது சரிவருமா?

கல்முனையில் பணிபுரியும் இயன்மருத்துவர்:

வரும். நடக்கும் நேரத்தில் மட்டும் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிவிடுங்கள், பட்டையில் சிக்காது. முழங்கால் பின்னோக்கி வளைகிறதா என்பதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். சோறு மிஞ்சும் விடயத்தை அடுத்த கிளினிக்கில் மறவாமல் சொல்லுங்கள். அதுவரை நடத்தும்போது அவருடைய இடப்பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள்.