சென்னை மேடவாக்கம் பக்கம் அம்மாவுக்குப் பேச்சுத்துணை: வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

அம்மாவுக்கு 71 வயசு. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தை கடைசியில மேடவாக்கம் வந்தாங்க, 9வது மாடி. அஞ்சு மாசமாச்சு, இன்னும் ஒட்டல. மதியம் 3 மணிக்கே படுத்துடுறாங்க, சாப்பாடு பாதியாச்சு, எடை 58லிருந்து 54 கிலோ. தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம் எல்லாம் பார்த்தாச்சு, சரியா இருக்கு. வலது காது மட்டும் மந்தம். மெஷின் வாங்கினோம், நாலு பேர் சேர்ந்து பேசினா இரைச்சல்னு கழட்டி வெச்சிடுறாங்க.

செஞ்சு பார்த்தது: சாயங்காலம் கீழே பார்க்ல உட்கார வெச்சோம். அங்க வர்றவங்க பெரும்பாலும் இந்தி, தெலுங்கு. சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு ஆட்டோவுல போறாங்க, கும்பிட்டதும் திரும்பிடுறாங்க. தங்கச்சிகூட தினமும் வீடியோ கால் பேசினா அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. வாரம் மூணு நாளாக் குறைச்சதும் பரவாயில்ல. பால்கனியில ஆறு தொட்டி வெச்சோம், அரை மணி நேர வேலைதான்.

ஊர்ல திண்ணையில உட்கார்ந்தா போறவங்களே நின்னு பேசுவாங்க. இங்க யாரையும் தேடித்தான் போகணும், அது அம்மாவுக்குப் பழக்கமில்ல. சும்மா பொழுதுபோக்குக் கொடுத்தா போதாதுன்னு நினைக்கிறேன், அவங்க கைக்கு வேலை வேணும். கூழ்வற்றல், அப்பளம், பூக்கட்டுறது மூணும் பிரமாதமா வரும்.

மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் 65 வயசுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பகல்ல கூடி உட்கார்ந்து கைவேலை செய்ற இடம் எங்க இருக்கு?