குரூஸ் கப்பலில் டிப்ஸ் முன்பே கட்டியாச்சு, அதற்கு மேலும் கொடுக்கணுமா?

கடற்காகம்:

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு 7 இரவு குரூஸ் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகன், அப்புறம் என் அம்மா. நாலு பேருக்குமே கப்பல் புதுசு. டிக்கெட் போடும்போதே கிராஜுவிட்டி, அதாவது கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ், என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் வீதம் வாங்கிக்கொண்டார்கள். மகனுக்கும் பெரியவர்களுக்கு உள்ள அதே தொகைதான். ஆக மொத்தம் 504 டாலர். சரி, அதோடு முடிந்தது என்று பார்த்தால், போய்வந்தவர்கள் எல்லாரும் "சின்ன நோட்டாகக் கையில் வைத்துக்கொள், தனியாகவும் கொடுக்க வேண்டியிருக்கும்" என்கிறார்கள்.

சொந்தக்காரர் ஒருவர் சொல்வது வேறு. கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசைக்குப் போய் அந்த 504 டாலரை ரத்து பண்ணச் சொல், நமக்கு யார் வேலை செய்கிறார்களோ அவர்கள் கையிலேயே கொடு, இல்லாவிட்டால் எல்லாம் கம்பெனிக்குத்தான் போகும் என்கிறார். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது.

அம்மா கைத்தடி ஊன்றி நடப்பவர். சர்க்கரை உண்டு, சாப்பாட்டில் உப்பும் குறைக்க வேண்டும். எங்களால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கூடுதல் வேலை இருக்கும் என்று தெரியும், அதனால் கொடுக்க மனசும் இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதுதான் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்டூவர்ட்:

கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது பயணிகளின் அறையைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்பவனாக, சில வருஷம் வேலை பார்த்தவன் நான், இப்போது கரையில் வேறு வேலை. முதலில் அந்த ரத்து பண்ணும் யோசனையை விட்டுவிடுங்கள், நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அதனால் அடிபடுவது நீங்கள் உதவ நினைக்கும் ஆட்கள்தான்.

நீங்கள் கட்டிய தொகை உங்கள் கேபின்காரருக்கும் சாப்பாட்டு மேசை வெயிட்டருக்கும் மட்டும் போவதில்லை. பெரும்பாலான கப்பல்களில் அதிலிருந்து பஃபேயில் தட்டு எடுப்பவர், பாத்திரம் கழுவுபவர், கீழ்த்தளத்தில் நாள் முழுக்கத் துண்டும் படுக்கைவிரிப்பும் துவைத்து மடித்துக்கொண்டே இருக்கும் லாண்டரி ஆட்கள் வரைக்கும் பங்கு உண்டு. அவர்களில் பாதிப் பேரைப் பயணம் முடியும்வரை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டீர்கள், பார்க்காத ஆளுக்கு எப்படிக் கையில் கொடுப்பீர்கள்? இன்னொன்று, தொகையை ரத்து செய்த பயணி தனியாகப் பணம் கொடுத்தால் அதைப் பொதுக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்று பல நிறுவனங்களில் விதி. தொகையை அப்படியே விட்டுவைத்துவிட்டு அதற்கு மேல் கொடுத்தால் மட்டும்தான் அது வாங்கியவருக்கே சொந்தம். "கூடுதல்" என்பது உண்மையிலேயே கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை எப்படி என்பதையும் சொல்கிறேன். ஒருவருக்கு இருபது அறை, சில கப்பலில் அதற்கு மேலும். கான்ட்ராக்ட் ஆறு முதல் ஒன்பது மாதம், அதில் வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடையாது, இடையில் கிடைக்கும் சில மணி நேரம்தான் ஓய்வு. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அந்த 10 மணி நேரத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொடுக்கலாம், ஒரு பகுதி மட்டும் 6 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. திருப்பிப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளில் 14 மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டப்படி அது சரிதான்.

எவ்வளவு என்று கேட்டால், ஒரு வாரத்துக்கு ஓர் அறைக்கு 20 டாலர் யார் கொடுத்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். உங்கள் அம்மாவுக்காக யாராவது மெனக்கெட்டால் 40, 50 கொடுக்கலாம். யாரும் இதை எதிர்பார்த்துக் கதவருகே நிற்பதில்லை, ஒன்றும் தராமல் "நன்றி" என்று பேரைச் சொல்லிக் கைகுலுக்கிப் போனவர்களையும் நாங்கள் தவறாக நினைத்ததில்லை.

கொடுக்கும் விதம் முக்கியம். தலையணைக்கு அடியிலோ மேசையிலோ வெறும் நோட்டாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். பயணி மறந்து வைத்துவிட்டுப் போன பணமா, நமக்குத்தானா என்று தெரியாமல் அதைத் தொடவே பயமாக இருக்கும். நாளைக்கு "என் பணத்தைக் காணோம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் வேலையே போய்விடும். கையில் கொடுங்கள், இல்லையென்றால் உறையில் போட்டு வெளியே அவர் பெயரும் "நன்றி"யும் எழுதி வையுங்கள். பெயர் சட்டையில் குத்தியிருக்கும் பட்டையிலேயே இருக்கும்.

நேர்கோடு:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கூடுதலாகக் கொடுப்பதில்லை. கொடுக்க முடியாமல் இல்லை, கொள்கையாகவே.

சம்பளம் தர வேண்டியது முதலாளி. கப்பல் கம்பெனிகள் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைப் பயணி தலையில் வைத்துவிட்டு அதற்கு "பாராட்டு" என்று பெயர் வைத்திருக்கின்றன. பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இப்போது சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர், சூட் அறை என்றால் இன்னும் அதிகம். வருஷத்துக்கு வருஷம் இது ஏறுகிறது. இன்னொரு பக்கம் பல கப்பல்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அறை ஒழுங்குசெய்ததை ஒரு தடவையாகக் குறைத்துவிட்டார்கள். இதற்கு மேலும் நாம் போய் உறை கொடுத்தால், "பயணிகளே பார்த்துக்கொள்வார்கள்" என்று கம்பெனி நிம்மதியாக இருக்கும்.

இப்படித்தான் நடத்த முடியும் என்றும் இல்லை. சில்வர்ஸீ, ரீஜன்ட், சீபோர்ன் மாதிரி ஆடம்பர நிறுவனங்கள் டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. அவை விலை கூடியவை, சரி. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் போகும் பி அண்ட் ஓ குரூஸஸ், பிரிட்டிஷ் நிறுவனம், அதுவும் 2019 முதல் தினசரி டிப்ஸ் வசூலை நிறுத்திவிட்டது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே போதும்.

ஒரு விஷயம் கட்டாயம் கவனியுங்கள் கடற்காகம். பாரில் ஒரு ஜூஸ் வாங்கினாலும் பில்லில் 18 அல்லது 20 சதவீதம் டிப்ஸ் தானாகவே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று இன்னொரு வெற்றுக் கோடு இருக்கும், கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே. புதிதாகப் போகிறவர்கள் அது நிரப்ப வேண்டிய இடம் என்று நினைத்து இன்னொரு முறை எழுதிவிடுகிறார்கள். ஸ்பாவிலும் இதே கதைதான். அந்தக் கோட்டை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

தானாகச் சேரும் தொகையை நானும் ரத்து செய்வதில்லை, அது அவர்கள் சம்பளத்தின் ஒரு பகுதி என்று ஆகிவிட்டது. அதற்கு மேல் கொடுக்கவில்லையே என்று குற்றவுணர்வோடு ஊர் திரும்ப வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மேல்தளம்:

நான் மாமியாரையும் சின்னக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவள், அதனால் உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அம்மாவின் சாப்பாட்டு விஷயத்தை டிக்கெட் போட்ட இடத்திலேயே இப்போதே பதிவுசெய்யச் சொல்லுங்கள், கப்பல் ஏறிய முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தின் தலைமை வெயிட்டரிடம் நேரிலும் சொல்லுங்கள். பெரும்பாலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவரே மறுநாள் மெனுவைக் கொண்டுவந்து காட்டுவார், எது வேண்டும், எதில் உப்பு குறைக்கணும் என்று அதிலேயே குறித்துக்கொள்வார். என் மாமியாருக்கு அப்படிப் பார்த்துக்கொண்ட வெயிட்டர், நாங்கள் உட்காருவதற்கு முன்பே அவருடைய நாற்காலியைச் சற்றுத் தள்ளி, கைத்தடி சாய்த்துவைக்க இடம் பண்ணி வைத்திருப்பார், ஒரு நாள்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடுதல் டிப்ஸ் என்றால் இந்த மாதிரி ஆளுக்குத்தான் என்று எனக்குத் தோன்றும். தினமும் ஒரே மேசை, ஒரே வெயிட்டர் வேண்டுமென்றால் நேரம் குறித்த சாப்பாட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற முறையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியாமல் போய்விடும். வெயிட்டருக்குக் கொடுக்கும்போது கூட நிற்கும் உதவி வெயிட்டரை மறந்துவிடாதீர்கள், ஓடியாடி எடுத்துவருவது பாதி நேரம் அவர்தான்.

மகன் குழந்தைகள் கிளப்புக்குப் போவான் என்றால் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களையும் நினைவில் வையுங்கள். பல கப்பல்களில் பொதுத் தொகையில் அவர்களுக்குப் பங்கு வருவதில்லை. பணம் வாங்கலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மகன் கையால் ஒரு நன்றி அட்டை எழுதிக் கொடுத்தாலும் ரொம்ப மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள்.

அறைக்கே சாப்பாடு கொண்டுவருபவருக்கு வரும்போது ஒன்றிரண்டு டாலர் போதும். துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் போர்ட்டர் கப்பல் ஊழியர் இல்லை, உங்கள் 504 டாலரில் அவருக்கு ஒரு காசும் போகாது, அமெரிக்கத் துறைமுகம் என்றால் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுப்பது வழக்கம். கரையில் சுற்றிக்காட்டும் வழிகாட்டியும் வண்டி ஓட்டுநரும் அப்படித்தான். கேப்டனுக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் பணம் நீட்டாதீர்கள், அது அவர்களுக்குச் சங்கடம்.

நோட்டை ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள். ஒன்று, ஐந்து, பத்து, இருபது என்று கலந்து. கப்பல் ஏடிஎம்மில் எடுத்தால் கட்டணம் பிடிக்கும், சின்ன நோட்டும் கிடைக்காது. கப்பலில் எந்த நாணயம் புழங்குகிறதோ அதிலேயே கொடுங்கள், டாலரோ யூரோவோ. சில்லறைக் காசு வேண்டவே வேண்டாம், அதை எங்கேயும் மாற்ற முடியாமல் அவர்கள் திண்டாடுவார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மாமியாருக்கு உதவி தேவைப்படும் என்பதால் கேபின்காரருக்கு முதல் நாளே பாதியைக் கொடுத்துவிடுவேன்.

பழைய ஸ்டூவர்ட்:

மேல்தளம் அக்கா சொன்ன மற்றதெல்லாம் சரி, அந்த முதல் நாள் பாதி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பணத்தை வாங்கிவிட்டால் அந்த வாரம் முழுக்க ஒரு கடன் தலையில் இருக்கிற மாதிரி இருக்கும். பக்கத்து அறையில் ஒரு வயதான தம்பதி ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார்கள், அவர்களுக்குத்தான் உதவி அதிகம் தேவைப்படும், ஆனால் காசு கொடுத்தவர் கூப்பிட்டால் முதலில் அங்கே ஓடத் தோன்றும். என்ன வேண்டும் என்று முதல் நாளே பேரைக் கேட்டு நின்று பேசுங்கள், பணத்தைக் கடைசி ராத்திரி கொடுங்கள்.

கடைசி நாள் காலையில் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்று காலையில் ஒரு கூட்டம் இறங்கும், மதியம் அடுத்த கூட்டம் ஏறும், அதற்குள் எல்லா அறையும் தயாராக வேண்டும். நாங்கள் எந்த அறைக்குள் இருப்போம் என்று எங்களுக்கே தெரியாது, நீங்கள் தேடிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவீர்கள்.

நேர்கோடு அண்ணே, சம்பளம் கம்பெனிதான் தரணும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, கப்பலில் இருந்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் நான் ஒரு பயணி தராமல் போனதை வைத்துக் கம்பெனி எதையும் மாற்றிப் பார்த்ததில்லை. கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் சர்வே வரும், அதில் எழுதுங்கள். இரண்டு தடவை சுத்தம் செய்ததைக் குறைத்தது பிடிக்கவில்லை என்றும் எழுதுங்கள். அதே சர்வேயில், பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், நன்றாகப் பார்த்துக்கொண்டவர் பெயரையும் எந்த வேலை என்பதையும் சரியாகக் குறிப்பிடுங்கள். மேலதிகாரிகள் அதைப் பார்ப்பார்கள், பதவி உயர்வுக்கும் அடுத்த கான்ட்ராக்டுக்கும் உதவும். வெறுமனே "எல்லாரும் அருமை" என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

நேர்கோடு:

சர்வேயில் பெயர் எழுதுவது எனக்கும் சம்மதம்தான், இனிமேல் விடாமல் எழுதுகிறேன். சம்பள விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

கடற்காகம்:

எல்லாருக்கும் நன்றி. 504 டாலரைத் தொடப்போவதில்லை. கேபின்காரருக்கும் மேசை வெயிட்டர் இருவருக்கும் தனித்தனி உறை, கடைசி ராத்திரி. நேரம் குறித்த சாப்பாட்டுக்கு இன்றே மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், முன்பே கட்டிய பணத்தைக் கப்பலில் மறுபடியும் பிடிப்பார்களா?

மேல்தளம்:

பிடிக்கக்கூடாது, ஆனால் தவறுதலாக நடப்பதுண்டு. இரண்டாம் நாளே போனில் கப்பல் கம்பெனியின் ஆப்பிலோ அறை டிவியிலோ உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள், நாலு பேர் கணக்கையும். தினமும் ஒரு தொகை ஏறிக்கொண்டிருந்தால் முன்பு கட்டிய ரசீதோடு வரவேற்பு மேசைக்குப் போங்கள், ரசீதை அச்சடித்தே எடுத்துப் போவது நல்லது. கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள், அன்று அந்த வரிசை ரொம்ப நீளமாக இருக்கும், அம்மாவால் நிற்க முடியாது.