ஊசியில் 1,500 மெகாபாஸ்கல் காட்டுகிறது: எலும்பு சிமென்ட் சிமுலேஷனில் உதவி தேவை

கேள்வி:
வெர்டிப்ரோபிளாஸ்டி சிகிச்சையில் உடைந்த முள்ளெலும்புக்குள் ஊசி வழியாக எலும்பு சிமென்ட் செலுத்துவதை, திரவ ஓட்டத்தைக் கணிக்கும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில், ஒன்றோடொன்று கலக்காத இரு திரவங்களுக்கான இன்டர்ஃபோம் சால்வரை (கணக்கிடும் நிரலை) வைத்துச் செய்து பார்க்கிறேன். எலும்போடு இணைக்கும் முன் ஊசியை மட்டும் தனியாக ஓட்டினேன். நீளம் 100 மி.மீ., உள்விட்டம் 2 மி.மீ., சிமென்ட் செல்வது நொடிக்கு 0.05 மி.லி. சிமென்டின் பாகுத்தன்மை 100 பாஸ்கல்-நொடி, அடர்த்தி கன மீட்டருக்கு 1,200 கிலோ. ஊசியின் இரு முனைகளுக்கும் இடையே 1,500 மெகாபாஸ்கல் அழுத்த வித்தியாசம் வருகிறது! மெஷ்ஷை (கணக்கிடப் பிரித்த சிறு கட்டங்களை) இரண்டு முறை நுணுக்கிப் பார்த்தும் அதே எண். பத்து நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1:
மெஷ்ஷை விடுங்க. நுணுக்கியும் எண் அசையவில்லை என்றால் கோளாறு உள்ளீட்டில்தான் இருக்கும். உங்கள் எண்களை, குழாயில் ஓடும் திரவத்தின் அழுத்த வித்தியாசத்தைத் தரும் பாய்சோய் சூத்திரத்தில் போட்டேன், 1.27 மெகாபாஸ்கல்தான் வருகிறது. 1,500ஐ இதால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 1,200. அது உங்கள் அடர்த்தி! இன்டர்ஃபோம் கேட்பது, பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்த எண். 100ஐ அப்படியே கொடுத்திருப்பீர்கள், 0.0833 என்று மாற்றுங்கள். அப்புறம், விட்டத்தையும் சரிபாருங்க. 2 மி.மீ. 1.8 ஆனாலே அழுத்தம் ஒன்றரை மடங்காகும்.

கேட்டவர்:
100 என்றுதான் கொடுத்திருந்தேன். இப்போது 1.27 வருகிறது, மிக்க நன்றி! ஆனால் முள்ளெலும்பை இணைத்ததும் முதல் படியிலேயே தொடர்ச்சிப் பிழை என்று நின்றுவிடுகிறது. எலும்பின் வெளிப்பரப்பு முழுவதையும் சுவராகக் கொடுத்திருக்கிறேன்.

பதில் 2:
சிமென்ட் உள்ளே வந்தால் மஜ்ஜை எங்கே போகும்? இரண்டுமே அமுங்காத திரவங்கள் என்றுதான் சால்வர் எடுத்துக்கொள்கிறது. போக வழியில்லாததால் நின்றுவிடுகிறது. முள்ளெலும்பு உடலின் பின்சுவரில், நடுவில், சிரை வெளியேறும் துளை ஒன்று உண்டு. சிடி ஸ்கேனில் தெரியும். அதை வெளிவாயாகக் கொடுங்கள். அந்தத் துளை திறப்பது தண்டுவடக் கால்வாய்க்குள். அறுவை அரங்கில் மருத்துவர் எக்ஸ்ரே திரையில் கண் எடுக்காமல் பார்ப்பதும் அங்கே சிமென்ட் கசிகிறதா என்றுதான். உங்கள் மாதிரியில் இந்த வழி அடைபட்டிருந்தால், கண்டுபிடிக்க வேண்டிய ஆபத்தே அதில் தெரியாது.

இன்னொன்று, பாகுத்தன்மையை மாறா எண்ணாக வைக்காதீர்கள். கலந்த நேரத்திலிருந்து சிமென்ட் இறுகிக்கொண்டே போகும். தளர்வாக இருக்கும்போது செலுத்தினால் எளிதான வழியைப் பிடித்து ஓடும், கெட்டியானால் உருண்டையாகப் பரவும். இந்த வித்தியாசம் வராவிட்டால் கசிவைப் பற்றி உங்கள் சிமுலேஷன் சொல்வதை நம்ப முடியாது.

கேட்டவர்:
துளையைத் திறந்தேன், ஓடுகிறது. பாகுத்தன்மையை நேரத்தோடு ஏற்றி இன்று இரவு மறுபடி ஓட்டுகிறேன்.