திருப்பூரில் வார்டு அளவில் வேலை, வருமானம், வறுமை கணக்கெடுப்பு: கேள்வித்தாளில் எதை எப்படிக் கேட்பது?

படிப்பகம்_திருப்பூர் கேட்டது:

வணக்கம். மாநகராட்சியின் 60 வார்டுகளில் 10 வார்டைத் தேர்ந்தெடுத்து, வார்டுக்கு 20 வீடு வீதம் 200 வீடுகளில் வேலை, வருமானம், வறுமை பற்றிக் கணக்கெடுக்கப் போகிறோம். எட்டுத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வரைவில் உள்ள கேள்விகள்: வேலை இருக்கிறதா, என்ன வேலை, மாதச் சம்பளம் எவ்வளவு, ரேஷன் கார்டு என்ன வகை, சொந்த வீடா வாடகை வீடா.

இரண்டு தெருக்களில் சோதித்துப் பார்த்ததில் வேலை இல்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. சம்பளமும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிறது. ஆனால் அதே வீடுகளில் வாடகை பாக்கி இருக்கிறது, வாரக் குழு லோன் இரண்டு மூன்று ஓடுகிறது. எங்கள் கேள்வித்தாள் இவர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கவில்லை. வருமானத்தை எப்படிக் கேட்பது? எந்த வறுமைக் கோட்டை வைப்பது? 200 வீடு போதுமா? எந்தப் பட்டியலில் இருந்து வீட்டை எடுப்பது?

சனிக்கிழமைக்_கவர் பதில்:

"மாதச் சம்பளம்" என்ற கேள்வியை முதலில் எடுத்துவிடுங்க. பனியன் கம்பெனியில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளமே கிடையாது. அது ஷிப்ட் கணக்கு அல்லது பீஸ் ரேட் (தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி), சம்பளம் சனிக்கிழமை. மாதம் எவ்வளவு என்று கேட்டால் ஷிப்ட் ரேட்டை 26 ஆல் பெருக்கி ஒரு தொகையைச் சொல்வார்கள். அதனால்தான் எல்லா வீடும் ஒரே மாதிரி தெரிகிறது. ரேட் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எத்தனை ஷிப்ட் கிடைத்தது என்பதில்தான் ஒரு வீடும் இன்னொரு வீடும் வேறுபடுகின்றன.

உதாரணத்துக்கு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வையுங்க. ஷிப்மென்ட் நெருக்கும் மாதத்தில் மூன்று வாரம் தினமும் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம், ஓட்டினால் 27 ஷிப்ட். நாலாவது வாரம் மூன்று நாள்தான் வேலை என்றால் 3 ஷிப்ட். மொத்தம் 30 ஷிப்ட், 15,000 ரூபாய். ஆர்டர் இல்லாத மாதத்தில் அதே ஆளுக்கு 15 ஷிப்ட், 7,500 ரூபாய். இரண்டு மாதத்திலும் "சம்பளம் எவ்வளவு" என்று கேட்டால் 13,000 என்றே பதில் வரும்.

ஆகவே கடந்த நாலு சனிக்கிழமைகளைத் தனித்தனியாகக் கேளுங்க. ஒவ்வொரு வாரத்துக்கும் எத்தனை ஷிப்ட், கவரில் கைக்கு வந்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, எதற்காகப் பிடித்தார்கள். அட்வான்ஸுக்குப் பிடித்த தொகை வருமானம்தான், அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். அது கடனைக் கட்டியது என்று வேறு இடத்தில் வரட்டும். ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு என்று பிடித்ததும் அப்படித்தான், கூட்டிவிட்டுச் செலவில் எழுதுங்க. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதம் தொழிலாளி பங்கு. ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்பதோடு நிற்காமல், கடந்த ஆறு மாத பங்களிப்புக் காலத்தில் எத்தனை நாளுக்குப் பிடித்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 78 நாளுக்குக் குறைந்தால் நோய்க்கால உதவித்தொகை கிடைக்காது. டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்தால் சராசரிக் கூலியில் 70 சதவீதம் வரும் வீடும், ஒரு ரூபாயும் வராத வீடும் உங்கள் பட்டியலில் இப்போது ஒன்றாகவே நிற்கின்றன.

பீஸ் ரேட் டெய்லருக்கு இன்னொரு கேள்வி தேவை: கம்பெனிக்குப் போயும் பீஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்த நேரம். கட்டிங் வராது, நூல் கலர் மாறி வந்திருக்கும், லேபிள் வந்து சேராது. புது ஸ்டைல் போட்டால் முதல் இரண்டு நாள் கை ஓடாது. செக்கிங்கில் திரும்பி வந்த பீஸைப் பிரித்துத் தைப்பதற்குத் தனிக் கூலி கிடைப்பது அரிது. இந்த மணிநேரங்கள் சம்பளக் கணக்கில் வராது, ஆனால் ஆளின் நாள் போய்விடுகிறது.

மணிநேரத்தையும் கட்டாயம் எழுதுங்க. வாரம் ஆறு நாள், தினம் 12 மணி நேரம் என்றால் 72 மணி. 48க்கு மேல் உள்ள 24 மணி நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. ஷிப்ட் 500 என்றால் மணிக்கு 62.50. அந்த 24 மணிக்கு ஒற்றைக் கூலியாக 1,500 கொடுக்கப்படுகிறது, வர வேண்டியது 3,000. வாரத்துக்கு 1,500 ரூபாய் அங்கேயே போகிறது. வீட்டு வருமானத்தை மட்டும் பார்த்தால் இந்தக் குடும்பம் பரவாயில்லை என்று தோன்றும். மணிநேரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வருமானத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது தெரியும்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் பிந்தைய இரண்டு வாரமும் களத்துக்குப் போகாதீங்க. முன்னால் போனால் போனஸ் வருமானத்தோடு கலந்துவிடும், பின்னால் போனால் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். போனஸுக்குத் தனிக் கேள்வி வைத்து, 12 ஆல் வகுத்துச் சேர்த்தால் போதும்.

குறியீட்டெண் பதில்:

வறுமைக் கோட்டுக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, வருமானத்தை எடுத்து வறுமைக் கோட்டோடு ஒப்பிடுவது. இந்தியாவின் வறுமைக் கோடுகள் நுகர்வுச் செலவுக்கானவை. டெண்டுல்கர் குழு வகுத்த முறையில் 2011-12இல் தமிழ்நாட்டு நகர்ப்புறத்துக்கு ஒரு ஆளுக்கு மாதம் 937 ரூபாய். ரங்கராஜன் குழு நாடு முழுமைக்கும் நகர்ப்புறத்துக்குச் சொன்னது 1,407. அதன்பின் விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்கானதைச் சேர்த்தால் டெண்டுல்கர் கோடு 2,000 ரூபாய்ச் சுற்றில் நிற்கும், நாலு பேர் வீட்டுக்கு 8,000. இந்தக் கோட்டை வைத்தால் உங்கள் 200 வீட்டில் ஏழை என்று விரல் விட்டு எண்ணும் அளவுக்கே வருவார்கள். அதை வெளியிட்டால் "திருப்பூரில் வறுமை இல்லை" என்ற தலைப்பைத்தான் நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடும் இங்கே முழுசாக உதவாது. 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 2.20 சதவீதம் பேர்தான் அதன்படி ஏழைகள். கேஸ், கரண்ட், வங்கிக் கணக்கு எல்லாம் இருப்பதால் பனியன் தொழிலாளி வீடு அதில் சுலபமாகத் தப்பிவிடும். ஆனால் அதில் ஒரு விதி உங்களுக்குப் பயன்படும்: கழிப்பறை நன்றாக இருந்தாலும் மற்றக் குடும்பங்களோடு பகிர்ந்துகொண்டால் அது பற்றாக்குறை என்றே கணக்கு. லைன் வீட்டில் (ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில்) ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்றால் அந்த ஆறும் பற்றாக்குறை வீடுகள். "கழிப்பறை உண்டா" என்று கேட்காமல் "எத்தனை குடும்பம் பயன்படுத்துகிறது" என்று கேளுங்க.

நுகர்வைக் கேட்பதென்றால் காலவரையறையைக் கலக்காதீர்கள். காய்கறி, பழம், முட்டை, மீன், கறி, எண்ணெய் கடந்த 7 நாளுக்கு. அரிசி, பருப்பு, பால், கேஸ், வாடகை கடந்த 30 நாளுக்கு. துணி, செருப்பு, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரியில் தங்கிய செலவு கடந்த 365 நாளுக்கு. 2022-23 தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் அடிப்படையும் இதேதான். அதில் தமிழ்நாட்டு நகர்ப்புறச் சராசரி ஒரு ஆளுக்கு மாதம் 7,630 ரூபாய். இது சராசரி, வறுமைக் கோடு அல்ல. உங்கள் எண்ணை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வாடகையில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கணக்கெடுப்பில், சொந்த வீட்டுக்காரருக்கு அந்த வீட்டின் வாடகை இவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டுச் செலவில் சேர்ப்பதில்லை. வாடகை கொடுப்பவருக்கு அது செலவாகச் சேரும். அதாவது, லைன் வீட்டுக்காரர் சொந்த வீட்டுக்காரரைவிட "வசதியானவர்" ஆகத் தெரிவார். பாதி ஊர் வாடகையில் இருக்கும் இடத்தில் இது முடிவையே புரட்டிப் போடும். வாடகையோடு ஒரு முறை, வாடகை இல்லாமல் ஒரு முறை என்று இரண்டு எண்ணும் போடுங்கள்.

என் பரிந்துரை: வாடகையும் மாதக் கடன் தவணையும் போக, ஒரு ஆளுக்கு மீதி எவ்வளவு. இந்த எண்தான் உங்கள் தெருக்களைப் பிரித்துக் காட்டும். 2022 ஏப்ரலில் இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி மைக்ரோஃபைனான்ஸ் (வாரக் குழு லோன் போன்ற சிறுகடன்) வாங்கும் வீட்டின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எத்தனை வீடு அந்த 50ஐத் தாண்டி நிற்கிறது என்பதே தனியாக வெளியிட வேண்டிய கண்டுபிடிப்பு. தவணையை "வாரம் எவ்வளவு, இன்னும் எத்தனை வாரம்" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். மாதமாக்க 4 ஆல் பெருக்காமல் 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுங்கள். கந்துவட்டிக்குத் தனிக் கேள்வி.

ரேஷன் கார்டு வகையை வறுமை அடையாளமாக வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. அரிசிக் கார்டு இருப்பதால் ஏழை என்றும் ஆகாது, கார்டே இல்லாத வடமாநிலத் தொழிலாளி வசதியானவர் என்றும் ஆகாது.

அடுப்புக்_கணக்கு பதில்:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு முரண் இல்லை. ஆனால் வீட்டைத் தப்பாக எடுத்தால் இந்தக் கேள்விகள் எல்லாம் வீண். வாக்காளர் பட்டியல் வேண்டாம், ஊர்விட்டு ஊர் வந்தவர் பாதிப் பேர் அதில் இருக்க மாட்டார்கள். மின் இணைப்புப் பட்டியலும் சரிவராது. ஒரு காம்பவுண்டுக்கு ஒரே சர்வீஸ் எடுத்து, உள்ளே சப் மீட்டர் வைத்திருப்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கும் உதவாது. 2001இல் ஐந்தரை லட்சமாக இருந்த திருப்பூர் நகரத் தொகுப்பு 2011க்குள் 9.6 லட்சம் ஆனது, அதற்கப்புறம் எழும்பிய லைன் வீடுகள் அந்தக் கணக்கில் எங்கே இருக்கும்?

நீங்களே பட்டியல் போடுங்க. தேர்ந்த பகுதியில் தெருவாரியாக நடந்து அடுப்பை எண்ண வேண்டும். ஒரு அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். காம்பவுண்டுக்குள் போய் எண்ணினால்தான் தெரியும், கேட்டுக்கு வெளியே நின்றால் ஒரு வீடாகத்தான் தெரியும். ஆறு வடமாநிலப் பையன்கள் ஒரே அறையில் ஒன்றாகச் சமைத்தால் அதுவும் ஒரு குடும்பம். ஆனால் ஆறு சம்பளத்தை ஆறால் வகுத்து அவர்களைப் பணக்காரர் ஆக்கிவிடாதீங்க. ஊருக்கு அனுப்பும் பணத்தையும் அங்கே அதை நம்பி இருப்போர் எண்ணிக்கையையும் கேட்டு, தனி அட்டவணையில் வையுங்க. கம்பெனி ஹாஸ்டலில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தனிக் குடும்பமாக வருவார்கள். அங்கே அனுமதி கிடைக்காவிட்டால் "ஹாஸ்டல் சேர்க்கப்படவில்லை" என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

200 போதுமா? 20 சதவீதம் வீடுகள் கஷ்டத்தில் இருக்கின்றன என்று வந்தால், முழுச் சீட்டுக்குலுக்கலில்கூட பிழை இரண்டு பக்கமும் ஐந்தரைப் புள்ளி. நீங்கள் கொத்தாக எடுப்பதால் அது 8 வரை போகும், அதாவது 12இல் இருந்து 28க்குள் எங்கேயோ. ஒரே தெருவில் 20 வீடு எடுத்தால் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வீட்டுக்காரர் என்று இருக்கும், புதுச் செய்தி வராது. 10 வார்டில் 20 என்பதை விட 40 தெருவில் 5 என்று பிரியுங்க. அலைச்சல் கூடும், பிழை குறையும். வார்டுக்கு வார்டு ஒப்பிடும் ஆசையை இந்த அளவு தாங்காது, அதை விட்டுவிடுங்க.

போகும் நேரம் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல். சனிக்கிழமை ராத்திரி போகவே கூடாது. பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுத்தால், ஞாயிறும் வேலைக்குப் போகும் குடும்பம் மொத்தமாகத் தவறிவிடும். மூன்று முறை போன பிறகுதான் மாற்று வீடு.

படிப்பகம்_திருப்பூர்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வீட்டில் உட்கார்ந்து தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் பெண்களை வேலையில் இருப்போர் என்று எழுதுவதா? சிலர் "சும்மாதான் இருக்கேன்" என்கிறார்கள். இன்னொன்று, மகளிர் உரிமைத்தொகை நின்றுவிடுமோ என்று பயந்து சில வீடுகளில் ஒரு ஆளின் சம்பளத்தை மறைக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

சனிக்கிழமைக்_கவர் பதில்:

"வேலைக்குப் போறீங்களா" என்று கேட்டால் சும்மா இருக்கேன் என்றுதான் வரும். "கடந்த ஏழு நாளில் வீட்டுக்குப் பண்டல் (பிசிறு வெட்டக் கொடுக்கும் துணிக் கட்டு) வந்ததா, எத்தனை பீஸ், யார் யார் உட்கார்ந்தீங்க, பீஸுக்கு எத்தனை பைசா" என்று கேளுங்க. தேசிய தொழிலாளர் கணக்கெடுப்பில் ஏழு நாளில் ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்தாலே அந்த வாரம் வேலையில் இருந்தவர். வேலையின்மை விகிதம் குறைவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஏழைக்குச் சும்மா இருக்க வழியில்லை என்பது இன்னொன்று. பண்டல் வாங்கிச் செய்பவரை அந்தக் கணக்கில் சுயதொழில் என்று போடுவார்கள். நீங்கள் தனிக் குறியீடு கொடுங்க. ரேட்டை ஏஜென்ட் வைக்கிறார், பண்டல் எப்போது வரும் என்பதும் அவர் கையில். அது எப்படிச் சுயதொழில் ஆகும்? பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் உட்கார்ந்தால் அந்த மணிநேரத்தையும் எழுதுங்க, அம்மாவின் கூலியை மொத்த மணியால் வகுத்தால்தான் உண்மையான மணிக்கூலி தெரியும்.

குறியீட்டெண் பதில்:

பயம் நியாயமானது. உரிமைத்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம், மாதத்துக்கு 20,833. ஆளுக்கு 13,000 வாங்கும் இரண்டு பேர் இருந்தாலே தாண்டிவிடும். அதனால் வருமானத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் செலவு, தவணை, வாடகை, அதன்பின் வேலை நாள், ஷிப்ட். செலவும் தவணையும் சேர்ந்து சொன்ன வருமானத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், புதுக் கடன் வாங்கினார்களா என்று மட்டும் கேட்டு, இல்லை என்றால் தாளில் குறியிட்டு விடுங்கள். அங்கேயே துருவித் துருவிக் கேட்க வேண்டாம். பெயர், கதவு எண், போன் நம்பர், ஆதார் எதுவும் தாளில் இருக்கக் கூடாது. வரிசை எண் மட்டும் போதும், முகவரிப் பட்டியல் தனி நோட்டில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். களம் முடிந்ததும் அதைக் கிழித்துவிடுவோம் என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள், சொன்னபடி கிழித்துவிடுங்கள்.

அடுப்புக்_கணக்கு பதில்:

ஒன்று விட்டுப்போச்சு. எந்த மாதம் எடுத்தீங்க என்பதை ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும் போடுங்க. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனதற்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் ஏற்றுமதி யூனிட் தொழிலாளிக்கு ஒன்றல்ல. உள்நாட்டு ஜட்டி, பனியன் தைப்பவருக்குக் கணக்கு வேறு. "உங்க கம்பெனி சரக்கு வெளிநாட்டுக்கா, உள்ளூருக்கா, இல்லை வேறு கம்பெனிக்குக் கூலிக்குச் செய்யும் ஜாப் ஒர்க்கா" என்று ஒரே கேள்வி சேர்த்தால் இது பிரிந்துவிடும். முடிந்தால் அதே வீடுகளுக்கு ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை போங்க. அப்படிப் போவதாக இருந்தால் அந்த முகவரி நோட்டை இரண்டாவது சுற்று முடியும் வரை பூட்டி வைக்க வேண்டும். வீட்டுக்காரரிடமும் அதையே சொல்லுங்க.