ஏழு மோதிரமும் திவாட்ஸ் தட்டிவிட்ட பந்தும்

ஊதாக்_கிங்:
பக்கத்து இழையில் ஒரு மகானுபாவர் எழுதியிருக்கிறார்: கூடைப்பந்தாட்டக்காரர் ராபர்ட் ஹோரிக்கு ஏழு சாம்பியன் மோதிரம், சார்லஸ் பார்க்லிக்கு ஒன்றுகூடக் கிடையாது, ஆகவே ஹோரிதான் பெரிய ஆட்டக்காரர், அவரை ஹால் ஆஃப் ஃபேமில் (கூடைப்பந்துச் சாதனையாளர்களுக்கான கௌரவப் பட்டியல்) சேர்க்காதது அநியாயம். காலங்காத்தாலே இதைப் படித்துத் தொலைத்தேன். அங்கேயே பதில் எழுதினால் அவர் மனசு நோகும், அதனால் தனியாகத் திறக்கிறேன்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஹோரி 16 சீசன் ஆடியவர். சராசரி ஆட்டத்துக்கு 7 புள்ளி. ஒரு தடவைகூட ஆல்-ஸ்டார் (நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனதில்லை. ஹூஸ்டனில் ஹக்கீம் ஒலாஜுவான் ஜெயித்தார் (1994, 1995), லேக்கர்ஸில் ஷாக்கும் கோபியும் ஜெயித்தார்கள் (2000, 2001, 2002), சான் அன்டோனியோவில் டங்கன் ஜெயித்தார் (2005, 2007). அவர்கள் கச்சேரி செய்தார்கள், இவர் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டினார். இப்போது தம்புராவுக்குச் சங்கீத கலாநிதி கேட்கிறார்கள்.

உடனே 2002 ஷாட்டைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தை ஹோரி தேடிப் போகவில்லை. எங்கள் சேக்ரமெண்டோ கிங்ஸின் திவாட்ஸ் தட்டிவிட்டார், நேராக இவர் கையில் போய் விழுந்தது. அவ்வளவுதான்.

எட்டாம்_நம்பர்:
வந்துட்டாரய்யா. சேக்ரமெண்டோ கிங்ஸ் ரசிகர் ஹோரியைப் பற்றி இழை திறக்கிறார் என்றால் அது 2002 மே 26ஆம் தேதி வயிற்றெரிச்சல்தான், வேறு எதுவும் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் லேக்கர்ஸுக்கும் கிங்ஸுக்கும் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம். தொடரில் கிங்ஸ் 2-1 என்று முன்னால் இருக்கிறார்கள், இதையும் ஜெயித்தால் 3-1. ஒரு கட்டத்தில் 24 புள்ளி முன்னிலை வேறு. கடைசியில் கிங்ஸ் 99-97. கோபி உள்ளே புகுந்து போட்டார், விழவில்லை. ஷாக் பக்கத்திலிருந்தே போட்டார், அதுவும் விழவில்லை. திவாட்ஸ் பந்தை வெளியே தட்டினார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஹோரி நின்றுகொண்டிருந்தார். கிங்ஸின் வெப்பர் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறார். பந்து காற்றில் இருக்கும்போதே மணி அடிக்கிறது. லேக்கர்ஸ் 100-99.

தட்டிவிட்டது அவர், சரி. போட்டது யார் அண்ணாச்சி?

ஊதாக்_கிங்:
தம்பி, நீங்களே எழுதிவிட்டீர்கள், "நின்றுகொண்டிருந்தார்" என்று. நின்றுகொண்டிருந்தார்! ஐந்து பேரில் யாராவது ஒருவர் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். திவாட்ஸ் தட்டவில்லை என்றால் அந்தப் பந்து அவரிடம் வருமா, வராதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 100 எப்படி 100 ஆனது என்பதையும் சொல்லிவிடலாமே. பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் சமாகி வாக்கர் தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளி. நேரம் முடிந்த பிறகுதான் பந்து அவர் கையை விட்டது, மறுஒளிபரப்பில் பச்சையாகத் தெரிந்தது. அப்போது நடுவர்கள் வீடியோவைப் பார்க்க விதி கிடையாது, அடுத்த சீசனில்தான் கொண்டுவந்தார்கள். நாங்கள் தோற்றது ஒரே ஒரு புள்ளியில்.

கனவு34:
இரண்டு பேருக்கும் ஒரு விண்ணப்பம். ஹோரியின் வாழ்க்கை 2002இல் ஆரம்பிக்கவில்லை. அவர் 1992இல் 11ஆவது ஆளாக ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்குத் தேர்வானவர், எங்கள் ஆள். 1995 மேற்குப் பிரிவு இறுதிச் சுற்று, முதல் ஆட்டம், சான் அன்டோனியோவில். 6.5 விநாடி இருக்கும்போது ஹோரி போட்டதுதான் 94-93. அடுத்து பைனல்ஸில் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) ஒர்லாண்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பந்தை ஏழு தடவை பறித்தார். பைனல்ஸ் சாதனை அது. தம்புராக்காரர் செய்கிற வேலையா?

இதில் திவாட்ஸ் எங்கே வந்தார்?

ஊதாக்_கிங்:
ஹூஸ்டன் அண்ணன் வந்ததில் மகிழ்ச்சி. 1994இல் அதே ஹூஸ்டன் அவரை டெட்ராய்ட்டுக்குத் தள்ளிவிட்டு ஷான் எலியட்டை வாங்கப் பார்த்ததையும் சொல்லியிருக்கலாமே. எலியட்டுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று தெரிந்து அந்த ஒப்பந்தம் ரத்தானது. இல்லை என்றால் முதல் இரண்டு மோதிரமே கிடையாது. அங்கே ஒருவரின் சிறுநீரகம், இங்கே ஒருவரின் கை. அடுத்தவர் உடம்பிலேயே ஓடியிருக்கிறது முழு வாழ்க்கையும்.

ஏழு பறிப்பு நல்ல விஷயம்தான். ஆனால் பேச்சு அதைப் பற்றி இல்லை. திவாட்ஸ் தட்டிய பந்தைப் பற்றி.

கனவு34:
பேச்சு ஹோரியைப் பற்றி என்றல்லவா நினைத்தேன்.

கணக்குப்பிள்ளை:
2003 பிளேஆஃபில் (சாம்பியனைத் தேர்ந்தெடுக்கச் சீசனுக்குப் பின் நடக்கும் தொடர்கள்) லேக்கர்ஸின் ஹோரி மூன்று புள்ளிக்கு முயன்றது 38, விழுந்தது 2. சான் அன்டோனியோ தொடரில் மட்டும் 18க்கு 0. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசியில் அதே மாதிரி ஒரு ஷாட் கிடைத்தது. வளையத்துக்குள் பாதி போய் வெளியே வந்துவிட்டது. உள்ளே விழுந்ததற்கு மட்டும் பெயர் வைப்பீர்கள், வெளியே வந்ததற்குப் பெயர் இல்லையா?

எட்டாம்_நம்பர்:
கணக்குப்பிள்ளை, நீங்கள் பீனிக்ஸின் நாஷுக்கு எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) கொடுத்தது சரியா தவறா என்ற இழையில் எப்படிக் கணக்கு போட்டீர்கள் என்று எல்லாருக்கும் நினைவிருக்கிறது. தனக்குப் பிடித்த வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது உங்கள் பரம்பரைப் பழக்கம்.

2005க்கு வாருங்கள். பைனல்ஸ், ஐந்தாவது ஆட்டம், டெட்ராய்ட்டில், ஹோரி இப்போது சான் அன்டோனியோவில். தொடர் 2-2. மூன்றாவது கால்பகுதி முடியப்போகிற வரைக்கும் ஹோரிக்கு ஒரு புள்ளி இல்லை. அதற்கப்புறம் 21. கூடுதல் நேரத்தில் 5.8 விநாடி இருக்கும்போது மூன்று புள்ளி போட்டார், 96-95. அதில் திவாட்ஸ் இல்லை அண்ணாச்சி. டெட்ராய்ட்டில் திவாட்ஸ் இல்லவே இல்லை.

ஊதாக்_கிங்:
திவாட்ஸ் இல்லை, டெட்ராய்ட்டின் ரஷீத் வாலஸ் இருந்தார். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிந்து கொடுத்தவர் ஹோரி. அவரைக் காக்க வேண்டிய வாலஸ் அவரை அப்படியே விட்டுவிட்டு, பந்தை வாங்கிய சான் அன்டோனியோவின் ஜினோபிலியை அடைக்க ஓடினார். ஜினோபிலி திருப்பிக் கொடுத்தார். சுற்றிலும் ஆள் இல்லை, காலாற நின்று போட்டார். மறுபடியும் அதே கதைதான், எதிரணிக்காரர் தயவு.

சராசரி 7 புள்ளி உள்ள ஆளை விட்டுவிட்டு ஓடத்தான் தோன்றும். பார்க்லியை யாராவது அப்படி விடுவார்களா?

எட்டாம்_நம்பர்:
பார்க்லியை விடமாட்டார்கள், உண்மை. அதனால்தான் 1993 பைனல்ஸில் ஜோர்டனிடம் தோற்றுவிட்டு, 96இல் ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். அவரை வாங்க ஹூஸ்டன் பீனிக்ஸுக்குக் கொடுத்தவர்களில் ஹோரியும் ஒருவர். அதற்கப்புறம் யாருக்கு எத்தனை மோதிரம் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஐந்து வாங்கினார், ஒருவர் டிவியில் உட்கார்ந்து பேசுகிறார்.

வெயில்_சன்ஸ்:
பீனிக்ஸ் பெயரை இழுத்துவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க மாட்டேன். எங்களிடம் இருந்த கொஞ்ச காலத்தில் இந்த மகான் என்ன செய்தார்? 1997இல் பயிற்சியாளர் டேனி ஏஞ்ச் முகத்தில் துண்டை விட்டெறிந்தார். உடனே லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டோம்.

அது போகட்டும், 2007? சான் அன்டோனியோவுக்கு எதிரான பிளேஆஃப் தொடர், நான்காவது ஆட்டம் முடியப்போகிறது, நாங்கள் ஜெயித்துவிட்டோம், தொடர் 2-2. ஹோரி எங்கள் நாஷை இடுப்பால் இடித்து ஸ்கோரர் மேசையில் தள்ளினார். எங்கள் ஸ்டவுடமையரும் டியாவும் பெஞ்சிலிருந்து எழுந்து நாலு அடி வைத்தார்கள். இருவருக்கும் ஐந்தாவது ஆட்டத்தில் தடை. நாங்கள் 88-85 என்று தோற்றோம். அந்த ஏழாவது மோதிரத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

அமைதி21:
பெஞ்சை விட்டு வரக் கூடாது என்பது விதி. வந்தார்கள். தடை. ஹோரிக்கும் இரண்டு ஆட்டம் தடை விழுந்தது. இதில் அழ என்ன இருக்கிறது?

வெயில்_சன்ஸ்:
அதே ஆட்டத்தில் உங்கள் டங்கனும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாரே, அதற்கு என்ன விதி? அதையும் சொல்லிவிட்டுப் போங்கள், அமைதியாக.

அமைதி21:
அப்போது சண்டை எதுவும் நடக்கவில்லை என்று லீக் முடிவு செய்தது.

வெயில்_சன்ஸ்:
ஆமாம், சண்டை எது என்று முடிவு செய்வதும் நீங்களே.

புதுசு_கண்ணா:
வணக்கம். நான் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு சந்தேகம். ஹால் ஆஃப் ஃபேமுக்கு என்ன தகுதி வேண்டும்? புள்ளியா, மோதிரமா, இரண்டுமா? அது தெரிந்தால் இந்த விவாதம் எனக்குப் புரியும்.

ஊதாக்_கிங்:
வணக்கம் தம்பி, வரவேற்கிறேன். அதற்கு முன்னால் 2002இன் அந்த நான்காவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை முழுசாகப் பாருங்கள். திவாட்ஸ் பந்தைத் தட்டுவது தெளிவாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் மற்றது தானாகப் புரியும்.

எட்டாம்_நம்பர்:
கடைசி நிமிடத்தைப் பார்க்கச் சொல்கிறார், பாருங்கள். 11.8 விநாடி இருக்கும்போது அதே திவாட்ஸ் ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறுக்குத் தடையில்லாமல் கிடைக்கும் எறிதல்) கோட்டில் நின்றார். இரண்டு வாய்ப்பு. ஒன்றைத் தவறவிட்டார். அதையும் போட்டிருந்தால் 100-97. அப்போது ஹோரி போட்டது ஆட்டத்தைச் சமன்தான் செய்திருக்கும். அதை மட்டும் எங்கள் கிங் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. திவாட்ஸ் முதலில் எங்கள் ஆள். 1996இல் அவரைச் சார்லட்டுக்குக் கொடுத்துத்தான் கோபியை வாங்கினோம். எங்கள் வீட்டுப் பிள்ளை, ஆறு வருடம் கழித்தும் பாசம் விடவில்லை போலிருக்கிறது.

ஊதாக்_கிங்:
பாசமா! அந்த நேரத்தில் எந்த சென்டராக (வளையத்தருகே ஆடுபவர்) இருந்தாலும் அதைத்தான் செய்வார். இரண்டு விநாடி மிச்சம், தலைக்கு மேல் ஷாக் நிற்கிறார், பந்தைப் பிடிக்கப் போனால் அவர் பிடுங்கித் திணிப்பார். வளையத்தை விட்டுத் தூரத் தள்ளுவதுதான் சரியான ஆட்டம். திவாட்ஸ் சரியாகத்தான் செய்தார். அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சரியான வேலை ஒன்று தப்பான இடத்தில் போய் விழுந்தது. திவாட்ஸே அன்றைக்கு அதிர்ஷ்ட ஷாட் என்றுதான் சொன்னார்.

கனவு34:
தோற்றவரிடம் போய்ச் சாட்சி கேட்டால் வேறு என்ன சொல்வார்? ஒலாஜுவானிடம் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எட்டாம் நம்பர், நாஷ் இழையில் நான் போட்ட கணக்கில் எது தப்பு என்று இங்கே எழுதுங்கள். நீங்கள் பேச்சை மாற்றினாலும் நான் மறக்கவில்லை. 38க்கு 2.

எட்டாம்_நம்பர்:
2002 பிளேஆஃப் முதல் சுற்று, மூன்றாவது ஆட்டம், போர்ட்லண்டில், 2.1 விநாடி இருக்கும்போது. 2001 பைனல்ஸ் மூன்றாவது ஆட்டம், பிலடெல்பியாவில், கடைசி நிமிடத்தில். எல்லாம் மூன்று புள்ளி. ஓய்வு பெற்றபோது பிளேஆஃபில் அதிக ஆட்டம் ஆடியவர் என்ற பெயரும் அவருக்குத்தான், 244 ஆட்டம். அறுபதுகளின் பாஸ்டன் ஆட்களை விட்டுவிட்டால் ஏழு மோதிரத்துக்கு மேல் வாங்கியவர் யாரும் கிடையாது. ஜோர்டனுக்கே ஆறுதான். மூன்று வேறு வேறு அணிகள். எல்லா இடத்திலும் அதிர்ஷ்டம் இவர் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததா?

ஊதாக்_கிங்:
அதிர்ஷ்டம் வரவில்லை தம்பி, ஷாக் வந்தார், டங்கன் வந்தார்.

2002 தொடரைப் பற்றிப் பேசுவோம் என்றால் ஆறாவது ஆட்டத்துக்கு வாருங்கள். நான்காவது கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ. பன்னிரண்டு நிமிடத்தில் 27! 106-102 என்று ஜெயித்தார்கள். இதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

எட்டாம்_நம்பர்:
இருக்கிறது. ஏழாவது ஆட்டம் உங்கள் சொந்த ஊரில், சொந்த மைதானத்தில். 30 ஃப்ரீ த்ரோவில் 16தான் போட்டீர்கள். மூன்று புள்ளி முயற்சி 20, விழுந்தது 2. அங்கே எந்த நடுவர் உங்கள் கையைப் பிடித்தார்? கூடுதல் நேரம் வரை போய் 112-106 என்று தோற்றீர்கள்.

தம்புரா விஷயம் இன்னும் முடியவில்லை. சுருதி இல்லாமல் எந்தக் கச்சேரி நடக்கும்? எங்கள் வீட்டில் சங்கீதம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இப்படி எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

ஊதாக்_கிங்:
சுருதி வேண்டும்தான். அதற்காக அதற்கு விருது கொடுப்பார்களா? உங்கள் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்:
வீடு, குடும்பம் எல்லாம் வேண்டாம். நடுவர்கள் பற்றி ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. 2007 தடை பற்றியும் இருக்கிறது. இங்கே ஹோரியை மட்டும் பேசுங்கள்.

வெயில்_சன்ஸ்:
2007 இழையைப் பூட்டியதே நீங்கள்தானே ஐயா.

புதுசு_கண்ணா:
பார்த்துவிட்டேன். திவாட்ஸ் தட்டுகிறார், உண்மைதான். ஆனால் பந்து தரையில் குதித்து வருகிறது, நேராகக் கையில் விழவில்லையே? அவர் அதை எடுத்து நிதானமாகத்தான் போடுகிறார்.

எட்டாம்_நம்பர்:
கேட்டீர்களா அண்ணாச்சி? புதுப் பையனுக்கே தெரிகிறது. "நேராக இவர் கையில்" என்று முதல் பதிவில் எழுதியது யார்?

ஊதாக்_கிங்:
குதித்து வந்தாலும் உருண்டு வந்தாலும் தட்டியவர் திவாட்ஸ்தான். வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

எட்டாம்_நம்பர்:
அன்றைக்கு ஹோரி 18 புள்ளி, 14 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ஷாக்கும் கோபியும் ஆடிய அணியில், பிளேஆஃபில், 14 ரீபவுண்ட். பதினான்கையும் திவாட்ஸ்தான் தட்டிக்கொடுத்தாரா?

ஊதாக்_கிங்:
அந்தப் பதினான்கில் திவாட்ஸ் தட்டிவிட்ட பந்தும் சேர்ந்ததா, இல்லையா? சேர்ந்தது என்றால் பதின்மூன்று என்று எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ரீபவுண்ட் கணக்கில் யார் தட்டினார் என்று பார்ப்பதில்லை, கடைசியில் யார் கையில் சேர்ந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

ஊதாக்_கிங்:
நீங்கள் யார் பக்கம்?

கணக்குப்பிள்ளை:
38க்கு 2.

கனவு34:
1995 பைனல்ஸ் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது ஆட்டத்திலும் கடைசி 15 விநாடிக்குள் மூன்று புள்ளி போட்டுத்தான் முடித்துக்கொடுத்தார்.

ஊதாக்_கிங்:
அண்ணே, அதில் திவாட்ஸ் இல்லை.