கஞ்சிக்கோட்டு வேலையா, வணிக வழக்கு விசாரணையா? ஒன்பதாம் ஆண்டில் ஒரு கேள்வி

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை வழக்கறிஞர்

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள ஓர் ஊரைச் சேர்ந்தவள். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, பின்னர் சட்டம் பயின்று, கேரள பார் கவுன்சிலில் பதிவு செய்து, 9 ஆண்டுகளாகச் சித்தூரிலும் பாலக்காட்டிலும் உரிமையியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். சித்தூர் என்று நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூரை. ஆந்திரத்துச் சித்தூரை அன்று.

தொடக்கத்தில் பாகப்பிரிவினை, வழிப்பாதைத் தகராறு, காசோலை வழக்கு என்று வந்ததையெல்லாம் செய்தேன். மூன்று ஆண்டுகளாக என் சீனியர், பொள்ளாச்சி மண்டிகளுக்கும் இப்பக்கத்து எண்ணெய் ஆலைகளுக்கும் இடையிலான சரக்குப் பாக்கி வழக்குகளை என்னிடம் ஒப்படைத்து வருகிறார். கணக்குகளைப் படித்து, சாட்சியை விசாரித்து, வழக்கு படிப்படியாக உருப்பெறுவதைக் காணும்போது கிடைக்கும் நிறைவு வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்நிலையில் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சட்ட அலுவலர் பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. மாதச் சம்பளம் உறுதி. வீட்டில் அனைவரும் அதையே ஏற்கச் சொல்கிறார்கள். எல்லையோர மாவட்டத்தில் இருந்துகொண்டே வணிக வழக்கு விசாரணையை முழுநேரத் தொழிலாக நடத்தி வாழ முடியுமா? இருபது, முப்பது ஆண்டுகள் இதில் நின்றவர்களின் வாழ்க்கை எப்படி அமைந்தது? வேலைக்குச் சென்றுவிட்டுச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவது சரிப்படுமா? அனுபவமுள்ளவர்கள் மனம் திறந்து சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பழைய வாளையாறுக்காரன்

வணக்கம் அம்மா. 31 ஆண்டுகளாகக் கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் மாறி மாறி விசாரணை நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழ முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே என் உறுதியான பதில். நான் தொழிலுக்கு வந்தபோது பெரிய வணிக வழக்கு என்றால் சென்னையோ எர்ணாகுளமோதான் என்ற எண்ணம் இருந்தது. 2015-இல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தபோது கூட, 1 கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கே அது பொருந்தியது. 2018-இல் அந்த வரம்பு 3 லட்சமாகக் குறைக்கப்பட்ட பிறகு, இரண்டு லாரி கொப்பரைக்கான பாக்கி கூட வணிக நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்துவிட்டது. அச்சட்டத்தின் கடுமையான நடைமுறை அறிந்த விசாரணை வழக்கறிஞர் இன்று மாவட்டத் தலைநகரங்களிலேயே தேவைப்படுகிறார்.

ஆனால் இத்தொழில் வாதத்திறமையால் வளர்வது என்று எண்ணிவிடாதீர்கள். காகிதம் படிக்கும் பொறுமையால் வளர்வது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பொள்ளாச்சி மண்டிக்காரர் ஒருவர், பாலக்காட்டு ஆலை தர வேண்டிய பாக்கிக்காக என்னிடம் வந்தபோது, கடைசிச் சரக்கு இறங்கி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. நடுவில் ரொக்கமாகக் கொஞ்சம் வந்ததாகப் பேரேட்டில் ஒரு வரி இருந்தது. அதை நம்பி, காலவரம்பு (வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம்) நீண்டுவிட்டது என்று வழக்குரையில் எழுதிவிட்டேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் குரலை உயர்த்தாமல் என் சாட்சியிடம், "இந்த வரிக்குப் பக்கத்தில் என் கட்சிக்காரர் கையெழுத்து எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். காலவரம்புச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, பகுதித் தொகை செலுத்தியதற்கான குறிப்பு செலுத்தியவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பத்துடனோ இருக்க வேண்டும். எங்கள் பேரேட்டில் இருந்தது மண்டிக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து. என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை மண்டிக்குப் போய், சாக்கில் கட்டி வைத்திருந்த எடைச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இரவு பத்து மணிக்கு மேல், எண்ணெய்க் கறை படிந்து நான்காக மடிந்திருந்த ஒரு சீட்டின் பின்புறத்தில், "பாக்கியை ஐப்பசிக்குள் தந்துவிடுகிறேன், புரட்டாசி 9" என்று ஆலை உரிமையாளரே எழுதிக் கையொப்பமிட்டிருந்ததைக் கண்டேன். காலவரம்பு முடியும் முன் எழுதப்பட்ட ஒப்புதல் என்பதால், அந்த நாளிலிருந்து காலத்தைப் புதிதாக எண்ணச் சொல்லும் 18-ஆம் பிரிவு எங்களைக் காப்பாற்றியது. அப்போதும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. ஆவணத்தில் எந்த நாட்காட்டி இருந்தாலும் காலவரம்பை ஆங்கில நாட்காட்டியின்படியே கணக்கிட வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. தமிழ்ப் புரட்டாசியும் மலையாளக் கன்னியும் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாகப் பிறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்து நாளை உறுதி செய்த பிறகே ஆவணத்தைத் தாக்கல் செய்தேன்.

அன்றைய நடைமுறையில் நீதிமன்றம் அந்தச் சீட்டைத் தாமதமாக ஏற்றுக்கொண்டது. இன்று வணிக வழக்கில் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 11-ஆம் கட்டளை மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வசமுள்ள எல்லா ஆவணங்களையும், உங்களுக்குப் பாதகமானவை உட்பட, வழக்குரையோடு சேர்த்தே வைக்க வேண்டும். பிற்பாடு கொண்டுவந்தால் முன்னரே ஏன் வைக்கவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். "சாக்கில் கிடந்தது, பார்க்கவில்லை" என்பது காரணமாகுமா? ஆகவே அந்தச் சாக்கை இப்போது நான் வக்காலத்து வாங்கும் நாளிலேயே அவிழ்க்கிறேன்.

எல்லையில் பிறந்ததை நீங்கள் குறையாகக் கருத வேண்டாம். இத்தொழிலில் அது பெரிய மூலதனம். பாலக்காட்டு நீதிமன்றத்தில் ஒருமுறை தமிழ்ச் சாட்சி ஒருவர், "இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாயிற்று" என்றார். பாக்கி எவ்வளவு என்று ஒத்துப்பார்த்தோம் என்பது அவர் பொருள். பதிவானதோ, கணக்கே தீர்ந்துவிட்டது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். நான் அந்த நொடியே எழுந்து சுட்டிக்காட்டியதால் நீதிபதி சாட்சியை மீண்டும் கேட்டுத் திருத்தினார். திருத்தாமல் போயிருந்தால் மேல்முறையீடு வரை அந்த ஒரு சொல் எங்களை வாட்டியிருக்கும். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் காது கூர்மையாக உள்ள வழக்கறிஞரை இரு மாநில வணிகர்களும் தேடி வருவார்கள்.

வருமானம் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் பத்து ஆண்டுகள் எனக்குக் கடினமாகவே இருந்தன. வசூலாகும் தொகையில் பங்கு பேசும் வழக்கம் சந்தையில் உண்டு. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது, நீங்களும் அந்தப் பக்கமே போகாதீர்கள். வழக்குரை, ஆவண ஆய்வு, விசாரணை, வாதம் என்று கட்டத்துக்குக் கட்டம் கட்டணத்தை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். பதினைந்தாம் ஆண்டிலிருந்து எனக்கு வழக்குகளை அனுப்பியவர்களில் பாதிப்பேர், முன்பு எனக்கு எதிரே நின்ற கட்சிக்காரர்கள்.

பதில் 2: கஞ்சிக்கோட்டு ஊழியர்

வணக்கம் சகோதரி. நீங்கள் ஏற்கத் தயங்கும் வேலையைப் போன்ற ஒன்றில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். முழுநேரச் சம்பளப் பணியில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். வக்காலத்து போட முடியாது. திரும்பி வந்தால் பதிவை உயிர்ப்பித்துக்கொள்ளலாம், ஆனால் கட்சிக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். மாவட்ட நீதிபதி பணிக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதற்கு வேண்டிய 7 ஆண்டு வழக்கறிஞர் தொழில் இடைவிடாததாக இருக்க வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுதும் கட்டத்திலேயே தகராறைத் தவிர்ப்பதும் நல்ல வேலைதான். ஆயினும் எங்கள் அலுவலகத்தில் விசாரணைக்கு வழக்கறிஞரைத் தேடும்போது நாங்கள் கேட்பது ஒன்றே: ஜிஎஸ்டி பதிவுகளைப் படிக்கத் தெரிந்தவரா? 2017 ஜூலை 1-க்கு முன்பு சரக்கு எல்லை தாண்டியதற்கு வாளையாறு வரிச் சோதனைச்சாவடியின் முத்திரை சாட்சியாக இருந்தது. இப்போது அந்த இடத்தில், சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டாகிய இ-வே பில் இருக்கிறது. வாங்குபவர் 72 மணி நேரத்துக்குள், அல்லது அதற்கு முன்பே சரக்கு வந்து சேர்ந்தால் அதற்குள், மறுக்காவிட்டால் அதன் விவரங்களை ஏற்றதாகவே கருதப்படுவார். சரக்கே வரவில்லை என்று சாதிப்பவர், அதே விலைப்பட்டியலுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கிய சரக்குக்கான வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், சரக்கைப் பெற்ற பிறகே அந்த வரவை எடுக்க முடியும் என்ற சட்ட விதியை அவர் முன் வைத்துக் கேளுங்கள். அந்தக் குறுக்கு விசாரணை அதிக நேரம் நீடிக்காது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் பகுதியில் குறைவு.

பதில் 3: நூற்றிருபத்தொன்றாம் நாள்

என் தவறு ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறேன். புதிதாக வருபவர்கள் யாருக்கும் அது நேரக் கூடாது. சாதாரண உரிமையியல் வழக்குகளில் பிரதிவாதியின் எழுத்துப்பூர்வ பதிலான எதிருரைக்கு வாய்தா வாங்கிப் பழகியவன் நான். பிரதிவாதித் தரப்பில் எனக்குக் கிடைத்த முதல் வணிக வழக்கிலும் அதே பழக்கத்தில் இருந்தேன். கட்சிக்காரர் பழைய விலைப்பட்டியல்களைத் தேடிக்கொண்டிருந்தார், நானும் அவசரப்படுத்தவில்லை. அழைப்பாணை பிரதிவாதியிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 120 நாட்கள் கடந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும், நீதிமன்றத்துக்கும் அதை நீட்டிக்க அதிகாரமில்லை. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதை ஐயமறச் சொல்லியிருந்ததை நான் படித்தும் இருந்தேன். ஆனால் நாட்களை எண்ணவில்லை. 121-ஆம் நாள் எதிருரையோடு போய் நின்றேன்.

சரக்கில் ஈரப்பதம் அதிகம் என்று என் கட்சிக்காரரிடம் உண்மையான, நல்ல எதிர்வாதம் இருந்தது. அதை நீதிமன்றத்தின் முன் வைக்க என்னால் முடியவில்லை. வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து கிடைத்ததைக் கொண்டு போராடினேன், போதவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். அன்றிலிருந்து அழைப்பாணை கிடைத்த நாளையும், எதிருரைக்கு வழக்கமான கெடுவான 30-ஆம் நாளையும், கடைசிக் கெடுவான 120-ஆம் நாளையும் கட்டின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதாமல் எந்தக் கட்டையும் அலமாரியில் வைப்பதில்லை.

சகோதரி, வழக்குத் தொடுப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வணிக வழக்குக்கு முன்கூட்டிய சமரசம் (வழக்குத் தொடுக்கும் முன் சமரசத்துக்கு முயல்வது) கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதைச் செய்யாமல் வழக்குரையைத் தாக்கல் செய்தால் அது நிராகரிக்கப்படும்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை வழக்கறிஞர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவெல்லாம் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொழிற்சாலையினரிடம் வேலையை ஏற்க இயலாது என்று இன்று காலை மரியாதையாகத் தெரிவித்துவிட்டேன். என் தந்தையிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. எடைச்சீட்டுக் கதையைச் சொன்னதும் அவர், "அப்படியானால் அந்தச் சாக்கை நீயே அவிழ்க்க வேண்டும், குமாஸ்தாவிடம் விடாதே" என்றார்.

வாளையாறு ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்காக வழக்குத் தயார் செய்கிறேன். ஆலையும் அதன் சொத்துகளும் பாலக்காட்டில் இருக்கின்றன. விலைப்பட்டியலில் "கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று அச்சிட்டிருக்கிறது. எங்கே தொடுப்பது?

பதில் 4: பழைய வாளையாறுக்காரன்

உங்கள் தந்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முதலில் அந்த அச்சு வரியை ஆலைத் தரப்பு ஏற்றுக்கொண்டதற்குக் கையொப்பமோ கடிதமோ உள்ளதா என்று பாருங்கள். ஒப்பந்தம் உருவானதோ, சரக்கு ஒப்படைக்கப்பட்டதோ, பணம் செலுத்த வேண்டியதோ கோவை எல்லைக்குள் இருந்தால்தான் அந்த வரிக்கு வலிமை. இயல்பாக அதிகாரமில்லாத நீதிமன்றத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து எழுதிக்கொடுத்தாலும் அதிகாரம் வராது. சேலத்து நிறுவனம் ஒன்று தரப்பாக இருந்த 1989-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து இது நிலைத்த சட்டம். அந்த அச்சு வரி செல்லுபடியாகும் என்றால், வசதிக்காகப் பாலக்காட்டில் தொடுத்து ஆட்சேபத்தை நீங்களே வரவழைத்துக்கொள்ளாதீர்கள், கோவையில் தொடுங்கள். அந்த வரி நிற்காது என்றால் பாலக்காடே நல்லது.

கோவையில் தீர்ப்பாணை பெற்றால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி தன் எல்லைக்கு வெளியேயுள்ள சொத்தை அந்த நீதிமன்றம் ஜப்தி செய்ய இயலாது. தீர்ப்பாணையைப் பாலக்காட்டுக்கு மாற்றி வாங்கி நிறைவேற்று மனு போட வேண்டும். அந்த மாற்றுச் சான்றிதழுக்கான மனுவை, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த மறுநாளே போடும்படி இப்போதே கட்டில் குறித்து வையுங்கள். ஆலையின் இயந்திரங்களும் நிலமும் எந்த வங்கியில் ஈடாக உள்ளன என்பதையும் வழக்குத் தொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். ஜப்தி செய்ய ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தால், முன்கூட்டிய சமரசத்திலேயே தவணை பேசி முடிப்பது உங்கள் பொள்ளாச்சிக்காரருக்கு நல்லது.